வேலைக்கு எடுத்தோம், ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி: ஏறத்தாழ 200 பேர் பணிபுரியும் ஒரு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருக்கிறேன். பல பின்னணியினரும் சமமாகப் பணியாற்றும் இடமாக எங்கள் நிறுவனத்தை மாற்றுவது என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் முடிவெடுத்தோம். கொள்கை அறிக்கை எழுதினோம். ஊழியர் அனைவருக்கும் ஒரு நாள் பயிற்சியைக் கட்டாயமாக்கினோம். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், வேற்று மொழி பேசுவோர், குடும்பத்தில் முதல் தலைமுறையாக அலுவலக வேலைக்கு வருவோர் எனப் பலரையும் தேடிப் பிடித்து வேலைக்கு எடுத்தோம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஒன்றரை ஆண்டுக்குள் விலகிவிடுகிறார்கள். 'நம் சூழலுக்கு அவர்களால் ஒத்துப்போக முடியவில்லை' என்கிறார்கள் துறைத் தலைவர்கள். விலகியவர்களில் பலர் ஒரே துறையில் இருந்தவர்கள். அந்தத் துறைத் தலைவர் கொஞ்சம் கடுமையானவர்தான், ஆனால் எங்கள் வருவாயில் பெரும்பங்கை ஈட்டித் தருபவர். அண்மையில் விலகிய ஒருவர், 'என்னை வேலைக்கு எடுத்தீர்கள், கணக்கில் எடுக்கவில்லை' என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது. பழைய ஊழியர்களோ தங்கள் வாய்ப்பு பறிபோவதாக முணுமுணுக்கிறார்கள். நாங்கள் திறமையை மட்டுமே பார்ப்பவர்கள். அடுத்து என்ன மாதிரியான பயிற்சி நடத்தலாம்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

விலகிச் சென்ற ஒருவரின் சொல்லை மறக்காமல் வைத்திருந்து, அதை எழுதியும் அனுப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் உங்களிடம் வெளிப்படையாகப் பேசலாம் என்ற துணிவு எனக்கு வருகிறது. அடுத்து என்ன பயிற்சி என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குப் பயிற்சி எதுவும் வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் ஊழியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை ஏற்கெனவே தெரிந்துகொண்டுவிட்டார்கள். கொள்கை அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். நாள்தோறும் என்ன நடக்கிறது என்பதும், அது நடக்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதும் தெரியும். இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தைக் கடக்க வேண்டியவர் நீங்கள். அதை உங்களுக்காக வேறொருவர் கடந்து தர முடியாது.

உங்கள் கடிதத்தில் ஏறக்குறைய போகிற போக்கில் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம் இருக்கிறது. விலகியவர்களில் பலர் ஒரே துறையைச் சேர்ந்தவர்கள், அதன் தலைவர் 'கொஞ்சம் கடுமையானவர்தான், ஆனால்' வருவாய் ஈட்டித் தருபவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நிறுவனங்களுக்குள் சென்று அங்குள்ளவர்களின் பேச்சைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் நோயின் இருப்பிடம் அந்த 'ஆனால்'தான். அதற்கு முன்னால் இருப்பது உங்களுக்குத் தெரிந்த உண்மை. பின்னால் இருப்பது, அந்த உண்மையைப் பொறுத்துக்கொள்வதற்கு நீங்கள் பெற்றுக்கொண்ட விலை. அந்த விலையின் அளவு உங்கள் நிறுவனத்தில் கடைசியாகச் சேர்ந்தவருக்கும் தெரியும்.

நான் ஆலோசனை கூறச் சென்ற ஒரு நிறுவனத்தில் இதே போன்ற ஒருவர் இருந்தார். கூட்டங்களில் இளையவர்கள் பேசத் தொடங்கினால் பாதியிலேயே வெட்டுவார். தடுமாறிப் பேசும் ஒரு பொறியாளரைப் போலவே பேசிக் காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைப்பார். தலைவர் அந்த அறையில்தான் இருப்பார். அவர் சிரிக்க மாட்டார், ஆனால் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கவும் மாட்டார். அந்தப் பொறியாளரோடு பிறகு தனியே பேசினேன். கேலி செய்தவரைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. தலைவர் குனிந்துகொண்டதைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்று மாதத்தில் அவர் விலகினார். அவருடைய விலகல் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'மேம்பட்ட வாய்ப்பு' என்று எழுதப்பட்டிருந்தது. உங்கள் கோப்புகளிலும் அந்தச் சொற்கள் பல இடங்களில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எனவே முக்கியமான வேலை அந்தத் துறைத் தலைவரோடு நீங்கள் நேரில் பேசுவது. மனிதவளத் துறையை அனுப்பாதீர்கள். அவருடைய எந்தச் செயல்கள் ஏற்கத்தக்கவை அல்ல என்பதை, நாளும் இடமும் குறித்து, நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். 'உங்கள் அணுகுமுறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்' என்று பொதுவாகச் சொன்னால், அவர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். அவருடைய அடுத்த ஊதிய உயர்வும் பதவியும் வருவாயை மட்டும் பொறுத்தவை அல்ல, அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் நிலைத்திருப்பதையும் வளர்வதையும் பொறுத்தவை என்று எழுத்து மூலம் தெரிவியுங்கள். மாறுவதற்கு ஆறு மாதம் கொடுங்கள். உதவி தேவைப்பட்டால் அதையும் செய்யுங்கள். பலர் உண்மையிலேயே மாறுகிறார்கள், ஏனெனில் அதுவரை யாருமே அவர்களிடம் நேராகச் சொன்னதில்லை. மாறாவிட்டால் அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்க வேண்டியிருக்கும், அதனால் வரும் வருவாய் இழப்பை நீங்கள் தாங்கவும் வேண்டியிருக்கும். தலைமையின் உறுதிப்பாடு என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியாது. எதையும் இழக்க வேண்டியிராத வரை, நாம் உறுதியாக இருக்கிறோமா என்பது நமக்கே தெரிய வழியில்லை.

அவர் குற்றவாளி, நீங்கள் நீதிபதி என்ற பொருளில் இதை நான் சொல்லவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கை, பணியிட வன்முறையையும் துன்புறுத்தலையும் வரையறுக்கும்போது, ஒருமுறை மட்டும் நடந்தாலும் திரும்பத் திரும்ப நடந்தாலும் அது வன்முறையும் துன்புறுத்தலுமே என்கிறது. உடலுக்கு மட்டுமின்றி மனதுக்கு விளையும் தீங்கையும் அதில் சேர்க்கிறது. 'அவர் குணம் அப்படி' என்று நாம் வழக்கமாகச் சொல்லிக் கடந்துபோகும் பல செயல்கள் இந்த வரையறைக்குள் வரக்கூடும். அவற்றைத் தடுக்கும் கடமை பணியமர்த்துபவருக்கு, அதாவது உங்களுக்கு, உண்டு.

இனி, பயிற்சி வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். சமூகவியலாளர்கள் அலெக்சாண்ட்ரா காலேவ், ஃபிராங்க் டாபின், எரின் கெல்லி ஆகியோர் அமெரிக்காவில் 708 தனியார் பணியிடங்களின் 1971 முதல் 2002 வரையிலான விவரங்களைத் திரட்டி, எந்த நடவடிக்கைக்குப் பிறகு மேலாளர் பதவிகளில் பெண்களும் கறுப்பினத்தவரும் உண்மையில் கூடினார்கள் என்று பார்த்து, முடிவுகளை 2006-இல் வெளியிட்டார்கள். மனச்சாய்வைக் குறைக்கும் பயிற்சிகளின் பலன் மிகக் குறைவாக இருந்தது. மூத்தவர் ஒருவர் இளையவருக்கு வழிகாட்டும் ஏற்பாடுகள் ஓரளவு பலன் தந்தன. பரந்த பலன் தந்தது, இந்த வேலைக்கு இன்னார் பொறுப்பு என்று ஆளையோ குழுவையோ நியமித்து, அவர்களிடம் கணக்குக் கேட்ட ஏற்பாடுதான். அப்படிப் பொறுப்பு வரையறுக்கப்பட்ட இடங்களில் பயிற்சியும் மற்றவையும்கூட முன்னைவிட நன்றாக வேலை செய்தன. பயிற்சியைக் கட்டாயமாக்கிய இடங்களில் எதிர்ப்பு வளர்ந்து, சில பிரிவினரின் நிலை பின்னுக்குப் போனதையும், விருப்பப்பட்டு வரலாம் என்று விட்ட இடங்களில் முன்னேற்றம் தெரிந்ததையும் டாபினும் காலேவும் 2016-இல் எழுதினார்கள். ஆகவே பயிற்சிக்கு ஒதுக்கிய தொகையை அப்படியே வைத்திருங்கள். பொறுப்பும் கணக்கும் நிலைபெற்ற பிறகு, கேட்பவர்களுக்கு நடத்தலாம்.

பொறுப்பு என்று சொன்னவுடன், மனிதவளத் துறையில் ஒருவருக்கு இதைக் கூடுதல் வேலையாகக் கொடுத்துவிடத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள், ஏனெனில் அதிகாரம் இல்லாத இடத்தில் வைக்கப்படும் பொறுப்பு, அதை ஏற்றவரைத்தான் நசுக்கும். துறைத் தலைவர்கள் சிலரும் வெவ்வேறு நிலைகளில் உள்ள ஊழியர்கள் சிலரும் கொண்ட ஒரு சிறு குழுவை நீங்களே தலைமையேற்று நடத்துங்கள். காலாண்டுக்கு ஒருமுறை நான்கு விவரங்களை மேசையில் வையுங்கள். யார் விண்ணப்பித்தார்கள், யார் சேர்ந்தார்கள், யார் பதவி உயர்வு பெற்றார்கள், யார் விலகினார்கள் என்பவையே அவை. ஒவ்வொன்றையும் துறைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். மொத்த எண்ணிக்கை எல்லாவற்றையும் மறைத்துவிடும். உங்கள் நிறுவனத்தில் விலகல்கள் ஒரே துறையில் குவிந்திருப்பது, துறைவாரியாகப் பார்த்திருந்தால் முதல் ஆண்டிலேயே தெரிந்திருக்கும். ஒரு எச்சரிக்கை: 200 பேர் உள்ள இடத்தில் ஒரு பிரிவில் இரண்டு மூன்று பேரே இருக்கலாம், அட்டவணையைப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். அத்தகைய விவரங்கள் அந்தக் குழுவைத் தாண்டி வெளியே போகக் கூடாது.

'நாங்கள் திறமையை மட்டுமே பார்ப்பவர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நீங்கள் நேர்மையாகவே நம்புகிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் இந்த நம்பிக்கையே கண்ணை மறைக்கக் கூடியது. எமிலியோ காஸ்டியாவும் ஸ்டீவன் பெனார்டும் 2010-இல் வெளியிட்ட சோதனைகளில், மேலாண்மை அனுபவம் உள்ளவர்களிடம் கற்பனை ஊழியர்களின் பணி மதிப்பீடுகளைக் கொடுத்து ஊக்கத்தொகையைப் பங்கிடச் சொன்னார்கள். 'எங்கள் நிறுவனம் திறமைக்கே முதலிடம் தருகிறது' என்று முன்கூட்டியே வலியுறுத்திச் சொல்லப்பட்டவர்கள், ஒரே மதிப்பீடு பெற்றிருந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே ஆணுக்கே அதிகம் கொடுத்தார்கள். நாம் நியாயமானவர்கள் என்ற உறுதி வந்துவிட்டால் நம்மை நாமே சரிபார்க்கும் பழக்கம் தளர்ந்துவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று. பல நல்ல மனிதர்களிடம் நானும் இதைக் கண்டிருக்கிறேன்.

திறமையைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைப் பார்க்கும் முறையைத்தான் சரிசெய்யச் சொல்கிறேன். பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்கு மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்து, 2004-இல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். தகுதியில் வேறுபாடு இல்லாத விண்ணப்பங்களில், வெள்ளையர் பெயராக ஒலித்தவற்றுக்குக் கறுப்பினத்தவர் பெயராக ஒலித்தவற்றைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிக அழைப்புகள் வந்தன. அந்த நிறுவனங்களில் பலவும் தாங்கள் திறமையைத்தான் பார்ப்பதாக நம்பியிருக்கும். இதற்குப் பரிகாரம் உண்டு. நேர்காணலுக்கு வரும் எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, எந்தப் பதிலுக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை முன்பே எழுதி வைத்து, நேர்காணல் செய்பவர்கள் கலந்து பேசுவதற்கு முன் தனித்தனியே மதிப்பெண் இடும் முறை அது. பணித்திறனை முன்கூட்டிக் கணிக்கும் வழிகளைப் பற்றிய பழைய ஆய்வுகளை எல்லாம் மறுஆய்வு செய்து பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் 2022-இல் வெளியிட்ட கட்டுரையில், இந்த முறைக்கே முதலிடம் கிடைத்தது. நியாயத்துக்காக மாறினாலும், சிறந்தவரைத் தேர்ந்தெடுப்பதற்காக மாறினாலும், போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். பதவி உயர்வுக்கும் இதையே செய்யுங்கள். 'ஒத்துப்போக முடியவில்லை' என்று யாரேனும் சொன்னால், எந்த நாளில், எந்த வேலையில், என்ன செய்தார் அல்லது செய்யவில்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத உட்காரும்போது அந்தக் குற்றச்சாட்டுகளில் பல ஆவியாகிவிடுவதைப் பார்ப்பீர்கள்.

'கணக்கில் எடுக்கவில்லை' என்ற சொல்லுக்கு வருகிறேன். ஒருவர் கணக்கில் எடுக்கப்படுகிறாரா என்பது பெரும்பாலும் கூட்டங்களில் தீர்மானமாகிறது. அடுத்த நான்கு வாரங்களுக்கு உங்கள் கூட்டங்களில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, யார் எத்தனை முறை பேசினார்கள், யார் பேச்சு வெட்டப்பட்டது, யார் முதலில் சொன்ன யோசனை வேறு யார் பெயரில் ஏற்கப்பட்டது என்று குறித்துவாருங்கள். எத்தனை முறை வெட்டியவர் நீங்களே என்பதையும் குறியுங்கள். அனிதா வூலியும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு பல வகைப் பணிகளில் எவ்வளவு நன்றாகச் செயல்படுகிறது என்பது அதில் உள்ள அறிவாளிகளின் தனித்திறனோடு வலுவான தொடர்பு கொண்டிருக்கவில்லை. பேசும் வாய்ப்பு ஓரளவு சமமாகப் பகிரப்பட்டதோடும், உறுப்பினர்கள் பிறர் மனநிலையை உணர்ந்ததோடும் அது தொடர்பு கொண்டிருந்தது. கூட்டப் பொருளை ஒரு நாள் முன்பே எழுதி அனுப்புவது, இளையவரிடமிருந்து தொடங்கிச் சுற்றாகக் கருத்துக் கேட்பது, உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்வது ஆகியவை செலவில்லாதவை. கூட்டம் நடக்கும் மொழியில் சரளமாகப் பேச இயலாதவருக்கும், செவித்திறன் குறைந்தவருக்கும், இயல்பிலேயே கூச்சம் உள்ளவருக்கும் இவை ஒருசேர உதவும். கூட்டக் குறிப்பெடுத்தல், விழா ஏற்பாடு, புதியவரைச் சுற்றிக் காட்டுதல் போன்ற, பதவி உயர்வுக்குக் கணக்கில் வராத வேலைகள் யார் தலையில் விழுகின்றன என்பதையும் கவனியுங்கள். அவை பெண்கள் மீது கூடுதலாக விழுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முறை வைத்துப் பகிர்ந்துவிட்டால் போதும்.

இங்கே ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் கண்டதைச் சொல்ல விரும்புகிறேன். மருத்துவமனைகளில் நன்றாக நடத்தப்படும் செவிலியர் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் அவர் ஆய்வைத் தொடங்கினார். எண்ணிக்கையோ நேர்மாறாக, அந்தக் குழுக்களில் அதிகமாகத் தெரிந்தது. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை. தவறை வெளியே சொல்ல அஞ்சவில்லை என்பது பிறகே புலப்பட்டது. இதிலிருந்தே உளவியல் பாதுகாப்பு, அதாவது கெடுதல் வரும் என்று அஞ்சாமல் மனதில் உள்ளதைச் சொல்லலாம் என்ற நம்பிக்கை, என்ற கருத்தை அவர் 1999-இல் விரிவாக எழுதினார். உங்களுக்கு இதனால் உடனடிப் பயன் ஒன்று உண்டு. நீங்கள் உண்மையாகவே மாறத் தொடங்கினால், முதல் ஆண்டில் புகார்கள் கூடும். அதைக் கண்டு, 'இருந்ததையும் கெடுத்துவிட்டோமோ' என்று பின்வாங்கிவிடாதீர்கள். இத்தனை நாள் வீட்டுக்குக் கொண்டுபோய் அழுததை இப்போது உங்களிடம் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் முதலில் புகார் சொன்னவருக்கு என்ன நேர்கிறது என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவருக்குக் கெடுதல் வந்தால் இரண்டாவது புகார் உங்களிடம் வராது.

மாற்றுத்திறனாளிகளைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை, நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதையும் பாகுபாடாகவே கருதுகிறது. ஊழியர் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காமல், சேரும் எல்லோரிடமும், 'நீங்கள் நன்றாக வேலை செய்ய என்ன தேவை?' என்ற கேள்வியை வழக்கமாக்குங்கள். பல வேளைகளில் பதில் மிக எளிதாக இருக்கும். மேசையை இடம் மாற்றுவது, திரையின் எழுத்தைப் பெரிதாக்கும் மென்பொருள், வேலை நேரத்தை ஒரு மணி முன்பின் நகர்த்துவது போன்றவையே பெரும்பாலும் கேட்கப்படுகின்றன.

பழைய ஊழியர்களின் முணுமுணுப்பை அலட்சியம் செய்யாதீர்கள், அதற்கு அஞ்சவும் வேண்டாம். அவர்களில் சிலர் பல ஆண்டுகளாகப் பதவி உயர்வு கிடைக்காமல் காத்திருப்பவர்கள். எதன் அடிப்படையில் உயர்வு தரப்படுகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. காரணம் தெரியாத இடத்தில் வதந்திதான் காரணமாக அமையும். உயர்வுக்கான அளவுகோல்களை எழுதி வெளியிடுங்கள். கிடைக்காதவரை நேரில் அழைத்து, ஏன் கிடைக்கவில்லை, அடுத்த முறைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். இதனால் முதலில் பயன் பெறுபவர்கள் அந்தப் பழைய ஊழியர்களாகவே இருக்கலாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1958-ஆம் ஆண்டின் 111-ஆம் உடன்படிக்கை, இனம், நிறம், பால், மதம், அரசியல் கருத்து ஆகியவற்றோடு சமூகப் பின்புலத்தையும் பாகுபாட்டுக்கான காரணங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. உங்கள் முதல் தலைமுறைப் பணியாளர்களைப் போலவே, சரியான ஆட்களைத் தெரியாததால் பின்தங்கிய பழைய ஊழியர்களும் உங்கள் கவனத்துக்கு உரியவர்கள். ஆனால் ஒருவரை மட்டம் தட்டும் உரிமை பறிபோகிறது என்ற வருத்தம் யாருக்கேனும் இருந்தால், அந்த வருத்தத்தை நீங்கள் ஆற்ற வேண்டியதில்லை.

விலகிச் சென்றவர்களில் ஐந்தாறு பேரைத் தொடர்புகொள்ளுங்கள். நிறுவனத்தின் சார்பில் படிவம் அனுப்பாமல், நீங்களே தொலைபேசியில் அழைத்து, விருப்பமிருந்தால் பேசலாமா என்று கேளுங்கள். மறுப்பவர்களை வற்புறுத்தாதீர்கள். பேச ஒப்புக்கொள்பவர்களிடம் விளக்கம் சொல்லாமல், குறுக்கிடாமல் கேட்டுக்கொள்ளுங்கள். 'அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாமே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது பழியை அவர்கள் மீதே திருப்புவதாகிவிடும். அவர்கள் சொன்னதில் எதை மாற்றப்போகிறீர்கள் என்பதை ஒரு மாதத்துக்குள் அவர்களுக்கு எழுதுங்கள். 'கணக்கில் எடுக்கவில்லை' என்று சொன்னவரை முதலில் அழையுங்கள். துறைத் தலைவரோடு பேசவிருக்கும் சந்திப்பை அதற்குப் பிறகு வைத்துக்கொண்டால், எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது உங்களுக்குத் தெளிவாக இருக்கும்.